கோட்டையைக் கரைத்தவன்

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் தனக்கோடிக்கு, மனைவி பொன்னி தினமும் சாயங்காலம் போனில் ஒரு மாயாஜாலத் தொடர்கதை வாசித்துக் காட்டுவாள். அதில் அவருக்குப் பிடித்தது ஹீரோ இல்லை, வில்லன் ஆழியன். கோபத்தில் கடலையே வரவழைத்து, அப்பாவின் பளிங்குக் கோட்டையைக் கரைத்துவிட்டு ஓடிப்போன இளவரசன்.

"கோட்டையே போச்சு. அவனுக்குப் போய் இவ்ளோ சப்போர்ட்டா?" என்று சீண்டினாள் பொன்னி.

"உனக்கு இன்னா தெரியும்? வெளியில வெறப்பா திரியறான், தனியா இருந்தா அழுவறான். வளந்த புள்ளய நாலு பேர் எதிர்ல ராஜா கை நீட்டலாமா?"

"அப்போ ராஜா மேலதான் தப்புன்றீங்க?"

"பின்ன? கோட்டைய திரும்பக் கட்டிக்கலாம். புள்ளய?"

கடைசி அத்தியாயம் இன்னும் வரவில்லை. தனக்கோடிக்குச் சோறு இறங்கவில்லை.

"எழுதறவருக்கு வாய்ஸ் மெசேஜ் போடலாமா?"

பொன்னி உடனே போனை நீட்டினாள்.

"சார், அந்தப் புள்ளய வீட்ல சேத்துக்கிற மாதிரி முடிங்க சார். பாவம் சார் அவன்."

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. பொன்னி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அடுத்த பஸ்லயே வர்றேம்பா."

மூன்று வருஷத்துக்கு முன்னால் உப்பளத்தின் மதகைத் திறந்துவிட்டு, ஒரு சீசன் உப்பையும் கரைத்துவிட்டு ஓடிப்போன மகன் சரணின் குரல்.

"இன்னா ராஜா முழிக்கிறீங்க?" என்றாள் பொன்னி. "எழுந்து போய் கேட்டத் தொறந்து வைங்க."