நீல பாத்தேக் மாப்பிள்ளை

"அக்கா, திரும்பிப் போயிடலாம்க்கா. யாராச்சும் பாத்தா மானம் போயிடும்."

"பேசாம உக்காரு. மாப்பிள்ளை பாக்க வந்துட்டு என்ன வெக்கம்?" என்று பக்கத்து வீட்டு ரஞ்சிதம் அன்பரசியின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

மலையூரான பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலின் திறந்தவெளி மேடை. பாலித் தீவிலிருந்து நடனக் குழு வந்திருந்தது. பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போவதாக அண்ணனிடம் பொய் சொல்லிவிட்டு, தேயிலை எஸ்டேட்டிலிருந்து ரஞ்சிதத்தின் காரில் ஏறி வந்திருந்தாள் அன்பரசி. முப்பது தாண்டிய பிறகு செய்கிற முதல் திருட்டுத்தனம் அது.

யோசனை என்னவோ அவளுடையதுதான். இனி யார் முன்னாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க மாட்டேன், போட்டோவும் அனுப்பக் கூடாது, இந்தத் தடவை நான் போய்ப் பார்க்கிறேன், அவருக்கு அது தெரியவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். ரஞ்சிதம் மாப்பிள்ளையின் அக்காவோடு போனில் பேசினாள். அந்த அக்காவே தம்பிக்கும் இவர்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"ஆள எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?"

"நீல பாத்தேக் சட்டை போட்டு அனுப்புறேன்னாங்க. நானும் ஆள பாத்ததில்ல. நீ தேடிக்கிட்டு இரு, நான் போயி சூடா தேத்தண்ணி வாங்கியாறேன்."

அன்பரசி கண்ணால் துழாவினாள். குளிருக்குப் பயந்து எல்லாரும் ஜாக்கெட்டுக்குள் புகுந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரே ஒருவர்தான் நீலப் பூப்போட்ட பாத்தேக் சட்டையில், தொப்பை முட்ட உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"யாரையாச்சும் தேடுறீங்களா?" என்றார் வலப்பக்கத்து நாற்காலிக்காரர். கழுத்துவரை ஜிப் போட்ட கறுப்பு ஜாக்கெட். நாற்பதை நெருங்கும் அமைதியான முகம்.

முன்பின் தெரியாதவர், இனிமேல் பார்க்கப் போவதுமில்லை. அந்தத் தைரியத்தில் அன்பரசி உண்மையையே சொல்லிவிட்டாள்.

"மாப்பிள்ளை பாக்க வந்தேன்."

அவர் சிரித்துவிட்டார். "பொண்ணதானே பாப்பாங்க?"

"பாத்தாங்களே. நாலு வீட்டுக்காரங்க வந்தாங்க. நான் போட்ட தேத்தண்ணிய குடிச்சாங்க. 'போயி சொல்றோம்'னாங்க. இன்னும் போயிக்கிட்டே இருக்காங்க."

"அவங்களுக்குக் குடுத்து வைக்கல லா."

மேடையில் மூங்கில் வாத்தியம் துள்ளத் தொடங்கியது. பொன்நிறக் கிரீடமும் கையில் விசிறியுமாக ஒரு பெண் கண்ணை உருட்டி உருட்டி ஆடினாள். ஆடிக்கொண்டே கீழே இறங்கி, முன்வரிசை நீலச் சட்டைக்காரரை விசிறியால் தட்டினாள். அந்த ஆட்டத்தில் அதுதான் வழக்கம். விசிறி யார்மேல் படுகிறதோ, அவர் இடுப்பில் மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டி மேடைக்கு இழுத்துப் போவாள். அவரும் கூட ஆட வேண்டும்.

நீலச் சட்டைக்காரர் மேடை அதிர ஆடினார். விசிறியைப் பிடுங்கினார். அந்தப் பெண்ணின் தோளில் கை போடப் பார்த்தார். அவள் நழுவ நழுவக் கூட்டம் சிரித்தது. அன்பரசிக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் வீட்டு ஆளே ஆடுவதுபோல் அவமானமாக இருந்தது.

"அவருதான்" என்றாள், அழாத குறையாக. "இந்த ஊருல காய்கறி யாவாரம். தனேஸ்னு பேரு. என் தலையெழுத்து!"

பக்கத்துக்காரர் சட்டென்று திரும்பினார். "அவரா?"

"மொத சம்சாரம் விட்டுட்டுப் போயிட்டாங்களாம். ஏன் போனாங்கன்னு இப்பதானே தெரியுது! இந்த ஆளுகூட எந்தப் பொம்பள குடும்பம் நடத்துவா?"

அவர் ஏற்கெனவே கழுத்துவரை இருந்த ஜிப்பைத் தாடைவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏன், நான் சொன்னது தப்பா?"

"தப்புன்னு இல்ல. அவர ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"உங்களுக்குப் பழக்கமா?"

"சின்ன ஊருதானே லா."

அன்பரசிக்குச் சுருக்கென்றது. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போனவர்களைத்தான் இவ்வளவு நேரம் குறை சொன்னாள். இப்போது அவளும் அதையேதான் செய்திருக்கிறாள். ஒரு மனுஷனின் குடும்பக் கதையை யாரோ ஒருவரிடம் கொட்டிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

குனிந்த தலைக்கு மேல் கைதட்டல் கேட்டது. ஆட்டக்காரி மறுபடி இறங்கி வந்து, பக்கத்துக்காரரின் தோளில் விசிறியால் தட்டிவிட்டு நின்றாள். அவர் வேண்டாம், வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டம் விடவில்லை. மஞ்சள் துணியை இடுப்பில் சுற்றப் பார்த்தவள், ஜாக்கெட் தடித்திருந்ததால் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினாள்.

அவர் எழுந்து நின்றார். அன்பரசியை ஒரு முறை பார்த்தார். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்போல அவர்தான் கூனிக் குறுகி நின்றார். மெல்ல ஜிப்பைக் கீழே இழுத்து, ஜாக்கெட்டைக் கழற்றி அவள் மடியில் வைத்தார்.

உள்ளே இஸ்திரி மடிப்புக் கலையாத நீல பாத்தேக் சட்டை.

அன்பரசிக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"எங்க அக்கா எதுக்கு இன்னைக்குப் புதுச்சட்டை குடுத்தாங்கன்னு இப்பதான் தெரியுது" என்றார் அவர் தணிந்த குரலில். "என் சம்சாரம் ஏன் போனான்னு ஆடிட்டு வந்து நானே சொல்றேன். கேட்டுட்டு, நீங்களும் 'போயி சொல்றோம்'னு மட்டும் சொல்லிடாதீங்க."