முழங்கால் தண்ணீர்

மழையில் ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. கரையோர வளையில் முட்டைகளோடு குடியிருந்த எறும்பு, தண்ணீரில் நின்ற கொக்கிடம் கேட்டது: "அண்ணே, தண்ணி எவ்வளவு ஏறியிருக்கு?"

"முழங்கால்கூட வரலை. நிம்மதியா இரு."

எறும்பு தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டது. இவ்வளவுதானா என்று முட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்தும்விட்டது. சற்று நேரத்தில் வாசலில் தண்ணீர்! முட்டைகளை மேட்டுக்குத் தூக்கிப் போவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

"இப்படிப் பொய் சொல்லிட்டீங்களே!"

"பொய்யா? என் காலைப் பார்த்துட்டுப் பேசு" என்றது கொக்கு.

"ஒரு தாவல் உயரம் ஏறிடுச்சுன்னு நானும் கத்தினேனே!" என்றது கரையில் உட்கார்ந்திருந்த தவளை.

"உங்க தாவலை நான் என்னத்தைக் கண்டேன்?"

மழை விட்டதும் மூன்றும் சேர்ந்து ஏரியோரம் ஒரு மூங்கில் கழியை நட்டன. கொக்கு அதில் அலகால் கோடு கோடாகக் கொத்தியது.

அடுத்த மழையில் கொக்கு, "மூணாம் கோடு!" என்று கத்தியதுமே எறும்பு முட்டைகளோடு மேடேறிவிட்டது. ஒரு முட்டைகூட நனையவில்லை.

அங்கே தவளை குதித்துக்கொண்டு வந்தது. "வெல்லம் சிந்திக் கிடக்கு! பக்கத்துலதான், நாலே தாவல்!"

எறும்புக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனாலும் அசையவில்லை.

"ரொம்ப சந்தோஷம் அண்ணே. முதல்ல இன்னொரு கழி கொண்டு வாங்க."