புள்ளி வைத்த இடம்

“ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, சார்வாள்.”

வன்னியபெருமாள் இரண்டு கையாலும் நீட்டிய புத்தகத்தை, ராமசுப்பு வாத்தியார் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவர் எழுதிய ‘போரும் கிணறும்’ புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிய முதல் ஆள் இவர்தான். மற்றதெல்லாம் கட்டிலுக்கடியில் எலி கொறிக்கக் கிடந்தது.

நூலகத்துக்குச் சும்மா கொடுத்த ஒரு பிரதியையும் சரித்திர அலமாரியில் பானிபட்டுப் போருக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார்கள். இது லாரியில் வந்து பூமியைத் துளைக்கிற போர் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

கோவில்பட்டிப் பள்ளியில் அவர் விஞ்ஞான வாத்தியார். நாலு வருஷம், லீவு நாளெல்லாம் கயிறும் கல்லுமாகக் கரிசல்காடு முழுக்க அலைந்து, கிணறு கிணறாக ஆழம் பார்த்து எழுதினார். அவ்வளவும் ஒரே ஒரு கிணற்றுக்காக. சுற்றுவட்டாரமெல்லாம் உப்புத் தண்ணி; அவர் பிறந்த ஊரில் மட்டும் ஒரு நல்லதண்ணிக் கிணறு. நாற்பது வீடும் அத்தனை ஆடுகளும் அதை நம்பித்தான் உயிரோடு இருந்தன.

“அது வத்துச்சுன்னா ஆட்டையெல்லாம் வித்துட்டு, பிள்ளைகளத் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் அனுப்பணும்ண்ணே” என்று தங்கை பெருமாயி சொன்ன அன்றைக்குத்தான் பேனாவை எடுத்தார்.

அந்தக் கிணற்றை ஒட்டி எண்பது ஏக்கர் வைத்திருக்கிற வன்னியபெருமாளே இன்றைக்குப் படித்துவிட்டு வந்து நிற்கிறார். இதைவிட வேறென்ன வேண்டும்?

கையெழுத்துப் போடப் புரட்டினார். பல தாள்களின் மடிப்புகூட இன்னும் வெட்டிப் பிரிக்கப்படவில்லை. வரைபடம் இருந்த பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது. நல்லதண்ணி ஊற்று ஓடுகிற இடத்தில் அவர் ஒரு கரும்புள்ளி வைத்து, ‘இங்கே துளைத்தால் ஊர்க் கிணறு சாகும்’ என்று எழுதியிருந்த படம் அது.

முக்கியமான பக்கத்தைத்தான் மனுஷர் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார் என்று பூரித்துப்போனார். வாத்தியார் புத்தி!

“நீங்க எழுதுனத வச்சு ஊர்ல ஒரு காரியம் பண்ணுதோம். வார வெள்ளிக்கிழம நீங்கதான் வந்து தொடங்கி வைக்கணும்.”

“கிணத்தக் காப்பாத்த சங்கமா, அண்ணாச்சி?”

“வந்து பாருங்களேன்” என்று சிரித்தார் வன்னியபெருமாள்.

வெள்ளிக்கிழமை, மனைவி கோமதியம்மாள் தேய்த்துக் கொடுத்த சட்டையோடு பஸ் ஏறினார். ஊர் எல்லையிலேயே வன்னியபெருமாளின் ஆட்கள் மாலை போட்டு, அந்த எண்பது ஏக்கர் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே சுண்ணாம்பு வாசம் மாறாத ஒரு சின்ன அறை. கதவில் மாவிலை கட்டியிருந்தது.

நாற்பது வீட்டிலிருந்து பெருமாயி மட்டும் வந்திருந்தாள். “ஏட்டி, பெருமாயி” என்று கூப்பிட்டார். அவள் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்து மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தார்கள். உள்ளே புது மோட்டார், சந்தனப் பொட்டோடு. அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய குழாயை வாத்தியார் குனிந்து பார்த்தார்.

“இது... எங்கன போட்டீங்க, அண்ணாச்சி?”

வன்னியபெருமாள் அவர் கையைப் பிடித்து சுவிட்சின்மேல் வைத்தார்.

“நீங்க புள்ளி வச்ச இடத்துலதான், சார்வாள்.”