ஜன்னலோர நாற்காலி

அத்தான் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டைக் காலி செய்வதற்கு முன் அங்கேயே தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னாள் அக்கா.

என் பெரிய பிலிம் கேமராவை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, அவள் முகத்தருகே லைட் மீட்டரைப் பிடித்தேன். முள் எட்டில் நின்றது. பிலிமை மாட்டிவிட்டு மறுபடி பிடித்தபோது நான்குக்கு இறங்கிவிட்டது. அந்த மீட்டரின் கணக்கில், எட்டு நான்கானால் வெளிச்சம் கால்வாசிதான் என்று அர்த்தம். வெளியே வெயில் அப்படியே இருந்தது.

“என்னடா முழிக்கிற?”

“ஜன்னல யாரோ மறைக்கிற மாதிரி காட்டுதுக்கா.”

அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அத்தானின் காலி நாற்காலி மட்டும்தான் இருந்தது. அக்கா அதன் பக்கம் திரும்பினாள்.

“கொஞ்சம் சாஞ்சு உக்காருங்க. தம்பி படம் எடுக்கிறான்ல.”

முள் மெல்ல எட்டுக்கு ஏறியது.

கேமராவை இரண்டடி பின்னுக்கு நகர்த்தி, நாற்காலியும் படத்துக்குள் வரும்படி வைத்தேன்.