ஓடிவந்த பெண்

“அதெப்படி, என்னையக் கேக்காமலே நோட்டீசுல பேரப் போட்டீக?”

வள்ளித்தாய் தலை நிமிராமல்தான் கேட்டாள். மடியில் கம்பி மத்தாப்புப் பெட்டி, விரல் நுனியில் பசை. லேபிள் ஒட்டி ஒட்டி இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அருள்பிரகாஷ் நெளிந்தான். விருதுநகரில் அவனும் கல்லூரி நண்பர்களும் நடத்தும் திரைப்படக் கழகத்துக்கு நாளை விழா. இதே எம். புதுப்பட்டியில் எடுத்த ஒரு படத்துக்கு இருபத்தைந்து வயது. பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் சிறுமியாக அதில் நடித்தவள் வள்ளித்தாய். அப்போது அவளுக்கு எட்டு வயது. அவள் வந்து பேசுவாள் என்று சிவகாசியில் ஐந்நூறு நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. இப்போது வரவே மாட்டேன் என்கிறாள்.

நடித்த படத்தை அவள் முழுசாகப் பார்த்ததுகூடக் கிடையாதாம். ஒரே ஒரு தடவை போய், இடைவேளையோடு எழுந்து வந்துவிட்டாளாம்.

“பழைய படம் தம்பி. இப்ப போட்டா உங்க வயசுப் பிள்ளைக சிரிக்கும்.”

மாணவர்கள் சிரித்ததை அவன் மறைக்கவில்லை. போன மாதம் கல்லூரியில் திரையிட்டபோது, வசனம் வந்தால் சிரிப்பு. பாட்டு வந்தால் ஆளுக்கொரு செல்போன். ஆனால், ஆலை வெடிக்கும் கடைசிக் காட்சியில் அத்தனை பேரும் வாயடைத்துப்போனார்கள்.

“அந்த ஒரு சீன் போதும்க்கா. இன்னும் அம்பது வருசத்துக்குப் படம் நிக்கும்.”

பார்க்காதவளுக்கு அவனே வர்ணித்தான். வெடித்துப் புகை கிளம்பியதும் காட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடிவருவாள். சேலை முள்ளில் மாட்டிக் கிழியும், நிற்க மாட்டாள். மறிக்க வருகிற இரண்டு பேரைத் தள்ளிவிட்டு நேரே தீக்குள் போவாள். வாய் மட்டும் அசையும். சத்தத்தை எடுத்துவிட்டு ஒற்றை வயலினை விட்டிருப்பார் இயக்குநர். உலகப் படங்கள் எத்தனையோ பார்த்தவன் அவன். அப்படியொரு நடிப்பை எங்குமே பார்த்ததில்லை.

“டைட்டில்ல அவங்க பேரே இல்லக்கா. வேற எந்தப் படத்துலயும் வரல. யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. அவங்களையும் மேடையேத்திப் பொன்னாடை போத்திருவோம்.”

வள்ளித்தாயின் கை நின்றது.

“வெடிச்ச அந்த ஷெட்டு சினிமாவுக்குன்னே கட்டுனது. உள்ள ஆளு கெடையாது. நான் கேமராவுக்குப் பின்னால நின்னு பிஸ்கட் தின்னுக்கிட்டிருந்தேன்,” என்றாள். “இந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டா, பெத்தவுக நின்னு விசாரிக்க மாட்டாக. ஓடத்தான் செய்வாக. காட்டுல களை வெட்டிக்கிட்டிருந்த எங்கம்மாகிட்ட, இன்னைக்கு வெடி வைக்கப் போறோம்னு ஒருத்தரும் சொல்லல.”

அவன் நோட்டீசை மடித்தான்; பிரித்தான்.

“மூணு நாளு ஆசுபத்திரியில கெடந்துச்சு. பேச்சு வராமலே போய்ச் சேந்துருச்சு. நாளைக்கு நான் வாரேன் தம்பி. அந்த வயலினை மட்டும் எடுத்துட்டு, அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டுச்சுன்னு எனக்குக் கேக்க வைப்பீகளா?”