கைக்குள் இருக்கும் கதவு

மருந்துக்கடை வரிசையில் நிற்கும் மகள், வெயிலில் மின்னும் தன் காரைப் பார்த்தபடியே கைப்பேசியில் காரை இயக்கும் செயலியின் மேல் விரலை வைக்கிறாள். ‘டொக்’கென்று நான்கு கதவுகளும் பூட்டிக்கொள்கின்றன. உள்ளே அப்பா கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். போன வாரம் பூட்டாமல் விட்டபோது நடுரோட்டில் போய் நின்றவர். அவள் நின்ற இடத்திலிருந்தே ஏசியைக் கூட்டுகிறாள், அவருக்குப் பிடித்த பழைய பாட்டைப் போடுகிறாள். பாடுவது யாரென்று சீட்டுக்கடியில் குனிந்து தேடிவிட்டு, அவர் மறுபடியும் கைப்பிடிக்கே வருகிறார். மருந்தை வாங்கிக்கொண்டு ஓடிவந்தவள், அதே விரலால் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குகிறாள். அந்த இடுக்கில் வாயை வைத்து அவர் அவளிடமே கெஞ்சுகிறார்: “கொஞ்சம் திறந்து விடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். எவளோ பூட்டிட்டுப் போயிட்டா. வீட்டுல என் பொண்ணு தேடிக்கிட்டிருப்பா.”