பின்னிறக்கையில் எத்தனை புள்ளி

அவள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் நடந்தபடி மேற்பார்வை பார்த்தான்.

காப்பியடிக்க அக்கம்பக்கத்தில் ஆளில்லை. இருந்தாலும் பரீட்சை என்றால் பரீட்சை.

அவனுக்குத் தொழில் பல் செட் செய்வது. பக்கத்துப் பல்லுக்கும் புதுப் பல்லுக்கும் நிறத்தில் இம்மி வித்தியாசம் வந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். அந்தக் கண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் வண்ணத்துப்பூச்சிகளுக்குக் கொடுத்தான். பூங்காவுக்கு வருகிறவர்களுக்கு இலவசமாகப் பூச்சி காட்டுவதாக அறிவிப்பு ஒட்டினான்.

முதல் வாரம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம் நாலு பேர். ஒரே பூச்சிக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தால் யார்தான் வருவார்கள்? மூன்றாவது வாரத்திலிருந்து அவள் ஒருத்திதான்.

பாடமும் ஒன்றுதான். செம்மஞ்சள் இறக்கை, கறுப்புக் கரை, முனையில் வெள்ளைப் பொட்டு. தின்றால் குமட்டும் என்று பறவைகள் அதைத் தொடாது. அது அசல். இன்னொன்று அசல் மாதிரியே வேஷம் கட்டிப் பிழைக்கிறது. அது போலி. பின்னிறக்கையின் நடுவே மூன்று கறுப்புப் புள்ளி இருந்தால் அசல். ஓரமாக ஒன்றே ஒன்று இருந்தால் போலி.

எட்டு ஞாயிறாக இது அவள் மண்டையில் ஏறவில்லை.

வாராவாரம் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, மறந்துவிட்டது என்பாள். அவன் முட்டையிலிருந்து ஆரம்பிப்பான். புழு எப்படி ஊரும் என்று பெஞ்சின் மேல் விரலை நெளித்து நெளித்துக் காட்டினான். மனசுக்குள் அவளுக்கு ‘மறதி’ என்று பெயரே வைத்துவிட்டான்.

போன வாரம் பொறுமை போய், அடுத்த வாரம் பரீட்சை, தேறாவிட்டால் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அன்று ராத்திரியே உட்கார்ந்து, அவள் தேறும்படி சுலபமாகப் பத்துக் கேள்வி தயாரித்தான். அது வெறும் இரக்கம்தான் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் தாளை நாலாக மடித்து நீட்டினாள்.

“வீட்டுக்குப் போய்த் திருத்துங்க. இங்க வேண்டாம்.”

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தான்.

முதல் விடை சரி. இரண்டாவதும் சரி. ஆறாவது வரைக்கும் பேனா டிக் அடித்துக்கொண்டே போனது.

ஏழாவதில் விடை இல்லை. ஒரு குறிப்புதான் இருந்தது. ‘கேள்வியில் ஆண் பூச்சி என்று போட்டுள்ள படம் தவறு. மூன்று புள்ளி பெண்ணுக்கு. ஆணுக்கு நான்கு.’

அலமாரியிலிருந்து புத்தகத்தை இழுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். நான்குதான். பதினோரு வருஷமாக அந்த நாலாவதை அவன் அச்சுப் பிசகு என்றே நினைத்து வந்திருக்கிறான்.

மிச்ச மூன்று விடைகளைத் திருத்த அவனுக்கு யோக்கியதை இருப்பதாகத் தெரியவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள். கல்லூரியில் பூச்சியியல் பாடம் எடுக்கிறவளுக்கு இது கூடவா தெரியாது என்று சாதாரணமாகச் சொன்னாள். தன் அலுவலகத் தோழியின் தங்கைதானாம். ஏதாவது ஒரு பெண்ணை ஒரு தடவை போய்ப் பாரு என்று நாலு வருஷமாகக் கெஞ்சியும் இவன் அசைந்து கொடுக்காததால், அவளையே இவனை வந்து பார்க்கச் சொன்னாளாம்.

அவனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது, பெஞ்சின் மேல் நெளிந்த தன் விரல்தான்.

பேனாவை மூடினான். ஒரு ஆளை எட்டு வாரம் அனுப்பித் தம்பியைக் கோமாளி ஆக்கியிருக்கிறாயே, உனக்கே நியாயமா என்று எரிந்து விழுந்தான்.

அக்கா மடித்த துணியை அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“ஒரு வாரம் போய்ப் பாத்துட்டு வான்னுதான் சொன்னேன். மிச்ச ஏழு வாரம் அவளா போனதுடா.”